சொன்ன தேதி

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் மிகப் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளில் ஒன்றான அர்பத்நாட், இனி யாருக்கும் பணம் தர இயலாது என்று கைவிரித்தது.

பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லுவது அன்றைய சென்னையின் வழக்கம். அர்பத்நாட்டின் வரலாறு ஏறக்குறைய நூறாண்டு நீளம் கொண்டது. வணிகத்தோடு வைப்புத் தொகையும் வாங்கியது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், கணவனை இழந்து வட்டியை நம்பியே அடுப்பு மூட்டியவர்கள் எனப் பலரும் கையில் இருந்ததைக் கொண்டுபோய் அங்கே போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கணக்கைக் காட்டு என்று கேட்டதில்லை. கடற்கரையைப் பார்த்து நின்ற கட்டடமும் ‘சர்’ பட்டம் பெற்ற முதலாளியும் போதுமான ஈடாகத் தெரிந்தன.

நடந்தது என்ன? லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ஊக வாணிபத்தில் இறங்கிப் பணத்தை இழந்துகொண்டே இருந்தார். நிறுவனம் சரிந்த நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்தது. 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சென்னையில் ஓர் ஆங்கிலேய முதலாளிக்குக் கடுங்காவல் என்பது ஊரையே உலுக்கிய செய்தி.

வணிகத்தில் நட்டம் வருவது குற்றமல்ல. மழை பொய்த்தால், கப்பல் மூழ்கினால், விலை விழுந்தால் யோக்கியனும் நொடித்துப்போவான். கம்பெனி உள்ளே உளுத்துப்போன பிறகும் புதிதாக வந்தவர்களிடம் வைப்புத் தொகையை வாங்கிக்கொண்டே இருந்ததுதான் அர்பத்நாட் விவகாரத்தின் குற்றம். திருப்பித் தர வழியில்லை என்று அறிந்தவர் கைநீட்டி வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் பொய் வாக்கு. இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்த வேறுபாட்டைச் சுற்றியே நகரும்.

பணம் இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களில் முதன்மையானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் மிதவாதியாக இருந்தும், தீவிரவாதியான பாரதியின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டுப் பரப்பிய அதே கிருஷ்ணசாமி ஐயர்தான். இந்நாட்டவர் பணத்தை இந்நாட்டவரே பொறுப்பேற்று நடத்தும் வங்கி வேண்டும் என்று அவர் முனைந்தார். 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவாயிற்று; ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது. பின்னாளில் அர்பத்நாட் இருந்த அதே இடத்துக்கு அந்த வங்கியின் தலைமை அலுவலகம் வந்து சேர்ந்தது.

நெருப்பில் கை சுட்டுக்கொண்ட ஊர், பத்தே மாதத்தில் இன்னொரு நிறுவனத்திடம் எப்படிப் பணத்தை நீட்டியது? இயக்குநர் பட்டியலைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். முதல் இயக்குநர்களில் எஸ்.ஆர்.எம்.எம். ராமசாமி செட்டியார் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் தமையனார். வங்கிக்கு நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதல் போட்டார்கள் என்பதைவிட, நகரத்தார் பெயர் போட்டார்கள் என்பதே பொதுமக்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பெயருக்கு அத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க, கடல் தாண்டிப் போக வேண்டும்.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு. உள்ளே நுழைந்தால் கிட்டங்கி: ஒரு நீண்ட கூடம். அதில் ஒரு கடை அல்ல, பல கடைகள். ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் சொந்தமாக இருந்தவை ஒரு சாய்ந்த மூடி வைத்த கணக்குப் பெட்டி, ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டி, தரையில் விரித்த பாய். பகலில் அந்தப் பாயில்தான் வியாபாரம். இரவில் அதே இடத்தில்தான் படுக்கை. லட்சக்கணக்கில் புழங்கிய கடைகளுக்கு இவ்வளவே இடம்.

சுவரில்லாத அந்தக் கூடத்தில் ரகசியமும் இல்லை. பக்கத்துப் பெட்டிக்காரர் யாருக்குக் கடன் கொடுத்தார், எவர் தவணைக்கு வந்தார், எவர் சாக்குச் சொல்லிப் போனார் என்பதெல்லாம் எல்லார் காதிலும் விழும். ஒருவர் சறுக்கினால் அன்று மாலைக்குள் கூடம் முழுக்கத் தெரியும்; அடுத்த கப்பலில் அந்தச் செய்தி காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போய்விடும்.

இந்தக் கூடத்துக்குச் சிறு பையனைப் பெட்டியடிப் பையனாக அனுப்பினார்கள். கடை பெருக்குவதும், தண்ணீர் எடுத்து வைப்பதும், பெரியவர் பின்னால் பணப்பையோடு நடப்பதும் அவன் வேலை. ஊரிலேயே எண்சுவடி மனப்பாடம். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று என்று கீழ்வாய்க் கணக்கு நாக்கு நுனியில் நிற்கும். பல ஆண்டு கழிந்து அடுத்தாள் ஆவான். மேலும் பல ஆண்டு கழிந்து, நம்பிக்கை பெற்றால், மேலாள். மேலாள்தான் கடல் கடந்த ஊரில் முதலாளியின் கையும் வாயும். சம்பளச் சீட்டு பெரும்பாலும் மூன்றாண்டுக்கு. முதலாளி செட்டிநாட்டில், பணம் முழுவதும் மேலாள் கையில், நடுவில் வங்காள விரிகுடா. அவர் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

செய்ய முடியாதபடி கட்டிவைத்தது கணக்கு. அன்றன்றைய வரவு செலவு ‘குறிப்பு’ ஏட்டில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். இரும்புப் பெட்டியில் உள்ள ரொக்கமும் ஏட்டில் உள்ள ரொக்கமும் ஒத்துவராமல் கடை கட்டுவதில்லை. ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாண்டு முடிந்ததும் புதிய மேலாளிடம் சாவியையும் ஏட்டையும் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினால், ஊரில் முதலாளியின் வீட்டு முகப்பில் உட்கார்ந்து வரிவரியாகக் கணக்குச் சொல்ல வேண்டும். அது சரியாக இருந்தால்தான் அடுத்த சீட்டு. இல்லையென்றால் அவருக்கு மட்டுமல்ல, அவர் தம்பிக்கும் மைத்துனனுக்கும்கூட எந்தக் கடையும் இடம் தராது.

கடையின் பெயரையே ‘விலாசம்’ என்றார்கள். பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முன்னெழுத்துகளைக் கோத்து அமைந்தது அது. அந்த எழுத்துகளை நம்பித்தான் உறவினர்களும் கைம்பெண்களும் கோயில்களும் பணத்தைப் போட்டார்கள்.  அந்தப் பணத்துக்கு ஈடு கிடையாது. ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் அதிகம். வட்டி விகிதம்கூட ஒருவர் இஷ்டத்துக்கு அல்ல. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கடைக்காரர்கள் கூடி, பணத்தின் வரத்தையும் தேவையையும் பார்த்து, நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். அதுவே பர்மா முழுவதுமுள்ள செட்டியார் கடைகளுக்கு அளவுகோல். தங்களுக்குள் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகும் முன் கோயில் கூட்டத்தில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள்.

உண்டியல் இந்த ஏற்பாட்டின் உச்சம். ரங்கூனில் ஒருவர் ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டுத் தமிழில் எழுதிய ஒரு தாளை வாங்கிக்கொள்வார். காரைக்குடியிலோ சென்னையிலோ குறித்த கடையில் அந்தத் தாளை நீட்டினால் பணம் வரும். சிலவற்றுக்குக் கண்டதும் பணம். சிலவற்றுக்குக் குறித்த நாள் கழித்துப் பணம். எழுதியவரை நீட்டுபவர் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். எந்த ஊரிலாவது ஓர் உண்டியல் திரும்பிவிட்டால், அந்த விலாசத்தின் பேரில் எழுதிய எல்லா உண்டியல்களையும் எல்லா ஊரிலும் மறுநாளே சந்தேகத்தோடு புரட்டிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது, அந்தக் காலத்து மனிதர்கள் தங்கம் என்று பெருமூச்சு விடுவது எளிது. அப்படிச் சொல்வது அவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பதாகும். வாக்குத் தவறாமை அவர்களுக்குப் பிறவியோடு வந்த குணமல்ல. தினம் மாலையில் ரொக்கம் ஒப்பிட்டும், பத்து வயதில் கணக்குப் பழகியும், பலர் பார்க்க வியாபாரம் செய்தும், தவறியவரை விலக்கியும் அதைக் கட்டிக் காத்தார்கள். அர்பத்நாட்டில் இருந்த மனிதர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். அங்கே யாரும் யாரையும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுப்பாடு உடைந்த இடமும் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கொழும்புச் செட்டியார் தெரு. இலங்கையில் இருந்த ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர்ச் சில்லறை வியாபாரியையும் சிறு தோட்டக்காரரையும் நேரடியாக ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் ஊருக்குக் கொடுத்தார்கள். வங்கிக்கும் செட்டியாருக்கும் நடுவில் வங்கியின் சராப் நின்று, இன்னார் நம்பகமானவர் என்று பொறுப்பேற்றுக்கொண்டார். பல பத்தாண்டுகள் இந்தச் சங்கிலி அறாமல் ஓடியது. 1925இல் ஏ.ஆர்.ஏ.ஆர்.எஸ்.எம். என்ற பெரிய விலாசம் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. வங்கிகள் மிரண்டன. விழுந்த கடையை மட்டும் அவை ஒதுக்கவில்லை. செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடன் வசதியையே சுருக்கின. சொன்ன நாளில் கட்டிக்கொண்டிருந்த கடைகளும் அடி வாங்கின. அந்தக் கடைகளை நம்பியிருந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் வியாபாரிகளும் பணமில்லாமல் தவித்தார்கள். ஒரு கடையின் சறுக்கல் ஒரு தெருவின் மதிப்பையும், தெருவின் வழியாக ஒரு நாட்டின் சிறு வணிகத்தையும் பதம் பார்த்தது. 1934இல் இலங்கை வங்கி ஆணையம் அமைந்ததற்கும், 1939 ஆகஸ்ட் முதல் தேதி இலங்கை வங்கி திறக்கப்பட்டதற்கும் பின்னால் அந்தப் பற்றாக்குறையின் நிழல் உண்டு.

வாக்கு ஒருவருடைய சொந்தச் சொத்து என்று நினைக்கிறோம். செட்டியார் தெருவின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர் நூறு ஆண்டு சேர்த்த மதிப்பிலிருந்து எடுத்துத்தான் ஒருவர் வாக்குத் தவறுகிறார்.

பர்மாவின் கதை இதைவிடக் கடினமானது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அங்கே செட்டியார்கள் புழக்கத்தில் விட்டிருந்த தொகை ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஐராவதி டெல்டாவின் சதுப்பு நிலம் உலகின் பெரிய நெல் வயலாக மாறியதற்கு அந்தப் பணம் ஒரு முக்கியக் காரணம். அறிக்கை எழுதிய மை காய்வதற்குள் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1930இல் நெல் விலை பாதாளத்துக்குப் போனது. விவசாயி கையில் பணமில்லை. செட்டியாருக்கோ, ஊரில் பணம் போட்டவருக்கும் ரங்கூன் வங்கிக்கும் சொன்ன தேதியில் கட்டியாக வேண்டிய நிலை. ஈடாக எழுதி வாங்கிய நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே செட்டியார் வசம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடு.

நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமல்ல. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். வராத பணத்துக்கு வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களும்தான் திண்டாடினார்கள். ஆனால் வயலை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது கோபத்தின் ஒரு பகுதி வட்டிக்கடைகள் மீதும் பாய்ந்தது. மேலே இருப்பவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, கீழே இருப்பவரின் கடைசிக் காணியையும் எடுப்பது சட்டப்படி சரி. தமிழர்கள் இந்த வரலாற்றைச் சொல்லும்போது உண்டியலின் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது. எழுதிய நிபந்தனையே நியாயமாக இருந்தால்தான் அதை நிறைவேற்றுவதற்கு அறத்தின் மதிப்பு உண்டு.

பிறகு நடந்தது பலரும் அறிந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் அராக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் ஆள் குறைந்து, பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இதற்கு நடுவிலும் ஒரு விதை தப்பியது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் கதவு திறந்தது. விலாசத்தை நம்பிய பணம் வங்கிக் கணக்குக்கு மாறத் தொடங்கிய காலம் அது.

மாறியதில் நன்மை அதிகம். வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது, தணிக்கை வந்தது, ரிசர்வ் வங்கியின் கண் வந்தது. கூடவே ஒன்று தளர்ந்தது. லிமிடெட் கம்பெனியில் முதலாளியின் பொறுப்பு அவர் போட்ட பங்கோடு நின்றுவிடுகிறது. கம்பெனி விழுந்தாலும் வீடு விழாது. சட்டம் அனுமதித்த அந்த எல்லையைத் தாமே தாண்டியவர்களும் உண்டு. 1924இல் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்ற நிலை வந்தபோது, சர் தொராப்ஜி டாட்டா தம் சொந்தச் சொத்தையும் மனைவி மெஹர்பாயின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் அடகு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். ஜூபிலி வைரமும் அந்த நகைகளில் அடக்கம். சட்டப்படி அவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. தொழிலாளிக்குச் சம்பளம் என்பது தேதி குறித்த வாக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இன்றைய தமிழ்நாட்டில் அந்தத் தேதி எப்படி இருக்கிறது?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். துணி பின்னுகிறவர், சாயம் போடுகிறவர், காம்பாக்டிங் செய்கிறவர், தைக்கிறவர், பிரிண்ட் அடிக்கிறவர் என்று ஒரு டி-ஷர்ட் பல ஜாப் ஒர்க் யூனிட்கள் வழியாகப் போகிறது. பத்து மெஷின் வைத்துத் தைத்துக் கொடுக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை முழுக்கப் போன் செய்துகொண்டிருப்பார். பில் போட்டு இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகியிருக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம், செக் கையெழுத்துக்குப் போயிருக்கிறது, பையர் இன்னும் அனுப்பவில்லை என்று பதில் வரும். சனிக்கிழமை மதியம் அவர் நகையை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோ டெய்லர்களுக்குச் சம்பளம் போடுவார். தாமதித்த பெரிய கம்பெனிக்கு அது ஏட்டில் ஒரு வரி. இவருக்கு அது வட்டி. சிவகாசியின் அச்சகத்திலும் கோவையின் பட்டறையிலும் இதே கதைதான். பொருள் மட்டும் வேறு.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. அதுவும் போதவில்லை என்றுதான் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதைக் கையில் எடுத்தது. குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை, செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. வலுவான சட்டங்கள்தான். ஆனால் பத்து மெஷின்காரர் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் பணம் வரலாம். அடுத்த ஆர்டர் வராது என்பது அவருக்குத் தெரியும்.

கிட்டங்கியில் இருந்தது இங்கே இல்லை. தாமதித்தவர் யார் என்பது தெருவுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அவருக்கு மதிப்புக் குறைவதில்லை. தொண்ணூறு நாள் கடன் வாங்கி நூற்றிருபது நாளில் கொடுப்பதைச் சாமர்த்தியம் என்று பேசும் பழக்கம் வந்துவிட்டது. அடுத்தவர் பணத்தை அவர் அனுமதியில்லாமல் முப்பது நாள் வைத்துக்கொள்வதை முன்னாளில் யாரும் சாமர்த்தியம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தொழிலதிபர் சங்கங்கள், ஏற்றுமதியாளர் சங்கங்கள், வணிகர் பேரவைகள் எல்லாவற்றையும் நோக்கி இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். உங்கள் உறுப்பினர்களில் யார் 45 நாளுக்குள் கொடுக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் நீங்களே கேட்டு, கொடுப்பவர்களின் பெயரை வெளியிடுங்கள். கொடுக்காதவர் பெயரைச் சொல்லவே வேண்டாம். பட்டியலில் இல்லாததே போதும். இங்கே வந்திருக்கும் வணிகர்கள் இன்று வீடு திரும்பும் முன் தங்கள் பேரேட்டைத் திறந்து, ஜாப் ஒர்க்காரர்களுக்கு நிலுவை எவ்வளவு, எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்கட்டும். நாளை மறுநாள் சனிக்கிழமை.